கடல் குடித்த சீர்

பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்க, நிர்மலா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினாள் என்பதோடு போன வாரம் விட்டோம். பாவம், அன்றிலிருந்து தட்டைப் பிடித்தபடியே நிற்கிறாள். இதற்கு மேலும் நிற்க வைத்தால் கை மரத்துப் போகும்.

வந்தது அவள் அண்ணன் பூவரசன்தான்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் தங்கை வீடு. பென்னாகரத்தில் அண்ணனின் மோட்டார் காயில் கட்டும் கடை. பெரிய தூரமொன்றும் இல்லை. ஆனால் அப்பா விட்டுப்போன கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்று வாய் தடித்த அன்று, "இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிச்சா நான் மனுசனே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். சொன்ன சொல்லை வருஷக்கணக்கில் காப்பாற்றவும் செய்தான். ரோஷத்தில் அந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தங்கை மகள் காவியாவுக்கு நாளைக் காலை தர்மபுரி மண்டபத்தில் முகூர்த்தம். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மணையில் உட்கார்ந்தால் ஊர் பூவரசனைப் பேசாது. நிர்மலாவைத்தான் பேசும், பொறந்த வீட்டு நாதியில்லாதவள் என்று. அது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

முன்னால் பம்பைக்காரர்கள். பின்னால் தேங்காய், பழம், பட்டு, வளையல் என்று தட்டுத் தட்டாகப் பெண்கள். கடைசியில் வாழைக்கன்று கட்டிய ஒரு குட்டியானை வண்டி. அதன் மேல் மாலையும் சந்தனப் பொட்டுமாக, நீல நிறத்தில் பளபளவென்று ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்.

"என்னா பாப்பா, உள்ள வான்னு கூப்புட மாட்டியா?" என்றான் பூவரசன். மீசை நரைத்துவிட்டது. குரல் அப்படியேதான் இருந்தது.

"உங்க வூட்டுக்கு உங்கள எவ வந்து கூப்புடணும்?" என்று கேட்டுவிட்டு நிர்மலா அழுதுவிட்டாள். அழுதாலும் கழுத்து நிமிர்ந்தே இருந்தது. இத்தனை வருஷம் அவள் காதுபடப் பேசியவர்கள் எல்லாரும் இன்று பந்தலில் இருந்தார்கள், நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

ஸ்கூட்டரைப் பலகை வைத்து இறக்கி, தென்னங்கீற்றுப் பந்தலின் நடுவில் நிறுத்தினார்கள். பந்தலை ஒட்டினாற்போல் புது வைக்கோல் போர். குழந்தைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று சீட்டில் ஏறியது, ஒன்று ஹாரனை அமுக்கியது.

"கடைல வாங்கியாந்ததுன்னு நெனச்சிக்காதீங்க" என்று பூவரசன் கூட்டத்துக்குச் சொன்னான். "காசு குடுத்தா எவன் வேணா வாங்குவான். இது நானே செஞ்சது."

கார்த்திகைப் புயலில் கடலூர்ப் பக்கம் கடல் தண்ணீர் தெருவுக்குள் ஏறியதாம். முழுகிக் கிடந்த வண்டிகளை ஓரங்கட்டிப் போட்டிருந்தார்களாம். அதிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தானாம்.

"கெணத்துல முழுகுன மோட்டாரு எத்தினி பாத்திருப்பேன்! தூக்கிப் பிரிச்சி வெயில்ல போட்டு, காயில் கட்டி வுட்டா சாவற வரைக்கும் ஓடும். இது மட்டும் என்னா, கொம்பா மொளச்சிருக்குது? மார்கழி பூரா காய வெச்சேன். ஒயரு எல்லாம் புதுசு. பேட்டரிப் பொட்டிய மட்டும் பிரிக்கல, அது சீல் வெச்சது, நல்லாத்தான் இருந்திச்சி. ஓட்டிப் பாத்தேன், சத்தமே இல்லாம போவுது."

நிர்மலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பென்னாகரம் வட்டாரத்தில் பூவரசன் கை படாத பம்பு செட்டு குறைவு. அந்தக் கையால் தன் மகளுக்கென்று ஒரு மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறான். எந்த அண்ணன் செய்வான்?

"எங்க என் மருமவ? கூப்புடு பாப்பா. அவ செய்யற வண்டிய அவளே ஓட்ட வேணாமா?"

காவியா டிப்ளமோ முடித்து, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரியில் பேட்டரி பிரிவில் இருக்கிறாள். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஊர் முக்கில் நிற்கும். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பேட்டரி வேல' என்று சொன்ன அதே வாய்கள் இப்போது 'எங்க பொண்ணுக்கும் ஒரு எடம் சொல்லு காவியா' என்கின்றன. மகளின் பெயர் தைத்த சட்டையை நிர்மலா தெருப்பக்கக் கொடியில்தான் காயப்போடுவாள், கொல்லைப்பக்கம் போடவே மாட்டாள்.

நலங்கு முடிந்த மஞ்சள் முகத்தோடும், கையில் கட்டிய காப்போடும் காவியா வந்தாள். மாமன் காலில் விழுந்து எழுந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் பூத்தது. பழக்க தோஷம், குனிந்து கால் வைக்கும் பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். விரலை விட்டுத் தேய்த்தாள். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

பூத்த முகம் மாறிவிட்டது.

"மாமா, இது கடல் தண்ணிலயா முழுகுச்சி?"

"ஆமா சாமி. அதத்தான இத்தினி நேரம் சொல்லிட்டிருந்தேன்."

காவியா குழந்தைகளைக் கீழே இறக்கிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ம்மா, அந்த வண்டிய இப்பவே பந்தல வுட்டு வெளிய கொண்டு போவணும்."

"ஏண்டி, என்னா ஆச்சி?"

"தண்ணி காஞ்சிரும்மா, உப்பு எங்க போவும்? பேட்டரிக்குள்ள போயி ஒக்காந்திருக்கும். போவக் கூடாத எடத்துக்கெல்லாம் கரண்டுக்கு அது வழி வுட்டுரும். உள்ளுக்குள்ளயே சூடேறி, நின்ன எடத்துலயே பத்திக்கும். சாவி போட்டிருக்கணும்னு கூட இல்ல. முழுகி வாரக்கணக்குல ஆனப்புறம் எரிஞ்ச வண்டிங்க இருக்குது. எங்களுக்கு இதுக்குன்னே கிளாஸ் எடுத்தாங்க."

"இது நிச்சயமா பத்துமா?"

காவியா தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. பத்தாமயும் போவலாம்."

அந்த ஒரு வார்த்தையை நிர்மலா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பத்தாமலும் போகலாம். அப்படியென்றால் நாளை வரைக்கும் நிற்கட்டுமே. முகூர்த்தம் முடியட்டும், அண்ணன் மனசு குளிர்ந்து ஊர் போகட்டும், பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துவிடலாம். இத்தனை வருஷம் கழித்து வாசல் மிதித்தவனை, ஊரே பார்க்க, 'உன் சீர் வேண்டாம்' என்று சொல்வதா? சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பானா? இந்த முறை போனால் அவள் செத்தால் கோடி போடக்கூட வரமாட்டான்.

"நாளைக்கி ஒரு பொழுது மட்டும் பொறுத்துக்கடி. ஒங்க மாமன் மானம்..."

"கொழந்தைங்க மறுபடியும் அது மேல ஏறிட்டாங்கம்மா."

நிர்மலா ஜன்னல் வழியே பார்த்தாள். சீட்டில் இரண்டு, பலகையில் ஒன்று. தலைக்கு மேலே காய்ந்த கீற்று. பக்கத்தில் வைக்கோல் போர். யாரோ ஒருத்தி வண்டிக்குச் சூடம் காட்டத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

மகளைப் பார்த்தாள். காவியா கெஞ்சவுமில்லை, அழவுமில்லை. தன் வேலையைத் தெரிந்தவள் நிற்கிற மாதிரி நின்றாள். பயத்துக்கு நடுவிலும், இவள் நான் பெற்றது என்று நிர்மலாவுக்கு நெஞ்சு விரிந்தது.

விடுவிடுவென்று பந்தலுக்குப் போனாள். சூடத்தட்டைப் பிடுங்கி வாசல் தண்ணீர்க் குடத்தருகே வைத்தாள். குழந்தைகளைத் தூக்கி இறக்கினாள். பம்பைக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டியதும் சத்தம் நின்றது.

"ண்ணா, இந்த வண்டி இங்க நிக்க வேணாம். வெளிய கொண்டு போயிரலாம்."

"ஏன்?"

"உப்புத் தண்ணி குடிச்ச பேட்டரி தீப்பிடிக்குமாம். காவியா சொல்றா."

பூவரசன் முகத்தில் ரத்தம் ஏறுவதை நிர்மலா பார்த்தாள். கிணற்றுச் சண்டை நடந்த அன்று பார்த்த அதே முகம்.

"என் வேலைல நொட்ட சொல்றியா?" என்றான். "ஊரு ஒலகத்துக்கே மோட்டாரு கட்டிக் குடுக்கறேன். இன்னிக்கி வரைக்கும் ஒருத்தன் ஒரு கொற சொன்னது இல்ல. கூடப்பொறந்தவ, சபையில வெச்சி சொல்ற!"

"ஒங்க வேலைய ஒண்ணும் சொல்லல மாமா" என்றாள் காவியா. "நீங்க கட்டுன மோட்டாரு நல்லாத்தான் இருக்கும். நீங்க தொடாத பேட்டரியத்தான் சொல்றேன். பேட்டரிக்கு மேல, அந்தக் கால் வெக்கற பலகைல ஒருக்கா கை வெச்சிப் பாருங்க."

"வெச்சா என்னா தெரியப்போவுது?"

"ஒங்களுக்குத் தெரியும் மாமா."

போய்விடுவான் என்றுதான் நிர்மலா நினைத்தாள். செருப்பைத் தேடுவான், அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. "எம் பொண்ணு சொன்னா சொன்னதுதாண்ணா" என்றாள். "நீங்க கோவிச்சிக்கிட்டுப் போனாலும் அது இங்க நிக்கக் கூடாது."

பூவரசன் தங்கையை முறைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, விறுக்கென்று குனிந்து பலகையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் கை வைத்து அதன் நோவைச் சொல்லிவிடுகிற மனிதன் அவன். அந்தக் கையை அவன் உடனே எடுக்கவில்லை.

வண்டி நிழலில்தான் நின்றது. வந்ததிலிருந்து யாரும் சாவி போடவில்லை. பலகை சுட்டது.

நிர்மலாவும் கிட்டே போனாள். நெயில் பாலிஷ் வாசம் மாதிரி ஏதோ இனிப்பாக மூக்கில் ஏறியது. காவியாவின் கையைப் பார்த்தாள். நகத்தில் மருதாணிதான் இருந்தது; வாசம் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"ஓடாத வண்டி சூடாவுது" என்று பூவரசன் தனக்குத்தானே சொன்னான். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. தானே போட்ட மாலையைத் தானே கழற்றி வாழைமரத்தில் மாட்டினான். "எல்லாரும் தள்ளுங்க. கொழந்தைங்கள வூட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கினு போங்க. நான் கொண்டாந்தது, நானே கொண்டு போறேன்."

"இன்னொருத்தரு கூட வரட்டும் மாமா."

"ஒருத்தரும் வேணாம்."

ஆளில்லாத ராகிக் காட்டுப் பக்கம் அவன் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "நடுக்காட்டுல நிறுத்திட்டு ஒடனே வந்துருங்க மாமா" என்று கத்தியபடி பின்னாலேயே ஓடிய காவியாவைப் பந்தக்கால் அருகே அவள் அத்தை முனியாயி பிடித்து நிறுத்தினாள். முனியாயி, நிர்மலாவின் புருஷன் காளியப்பனின் அக்கா. சடங்கில் ஒரு வெற்றிலை குறைந்தாலும் விடமாட்டாள்.

"காப்பு கட்டுன பொண்ணு பந்தக்கால் தாண்டக் கூடாது. மண்டபத்துக்குக் கெளம்பற வரைக்கும் நீ இதுக்குள்ளதான்."

காவியா நின்றாள். எல்லாரும் அங்கிருந்தே பார்த்தார்கள். அறுத்து முடிந்த காட்டின் நடுவில் பூவரசன் வண்டியை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி நடந்தான். அந்த நடையைப் பார்த்து நிர்மலாவுக்கு மனசு உடைந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. தப்பை ஒத்துக்கொண்டு ஊர் நடுவில் நடந்து போக எத்தனை ஆம்பளைக்குத் தைரியம் வரும்?

அவன் வரப்பில் ஏறுவதற்குள் பின்னால் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. படபடவென்று ஏதோ வெடித்தது. அடுத்த மூச்சில் வண்டி முழுக்கத் தீ.

பந்தலில் ஒரு பெண் 'மாரியாத்தா' என்று அலறினாள். "யாரும் கிட்டப் போவாதீங்க! பொகைய மூக்குல வாங்காதீங்க!" என்று காவியா கத்தினாள். காளியப்பன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். சற்று முன் குழந்தைகள் உட்கார்ந்திருந்த சீட்டு அங்கே உருகி வழிந்துகொண்டிருந்தது.

நிர்மலா மகளைக் கட்டிக்கொண்டாள். "எஞ்சாமி, எங்குலசாமி" என்று அவள் மஞ்சள் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். பந்தலில் அத்தனை பேரும் காவியாவைத்தான் பார்த்தார்கள்.

பூவரசன் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. வரப்பிலிருந்து தடுமாறி வந்தவன், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ண்ணா, வுடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல. உங்கள எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"அதில்ல பாப்பா. ஜோடியாக் குடுக்கணும்னு ஆசப்பட்டேன். இன்னொண்ணு இருக்குது."

"எங்க?"

"மாப்ள வூட்டுல. காலைல மொதல்ல காரிமங்கலம் போயி எறக்கிட்டுத்தான் இங்க வந்தேன். ஒனக்கு அப்பறமாச் சொல்லிக்கலாம்னு... சாயங்காலம் மாப்ள ஊர்வலமே அதுலதான்னு அவங்க ஒரே சந்தோசம். நான்தான்... நான்தான் சார்ஜ்ல போட்டு வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

நிர்மலா இடுப்பில் செருகியிருந்த போனை உருவினாள்.

காவியா அதற்குள் மாப்பிள்ளை சிலம்பரசனுக்குப் போன் போட்டிருந்தாள். அவனுக்கு நலங்கு நடக்கிற நேரம், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. நிர்மலா சம்பந்தி தீர்த்தம்மாளைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் மைக் செட் பாட்டு காதைப் பிளந்தது.

"சம்பந்தி, அந்த வண்டிய ஒடனே சார்ஜ்ல இருந்து எடுங்க! பந்தல்ல இருந்து வெளிய தள்ளச் சொல்லுங்க, தீப்பிடிக்கும்!"

"என்னாங்க சம்பந்தி இது?" தீர்த்தம்மாளின் குரலில் சிரிப்பு சட்டென்று போனது. "நல்ல நாளும் அதுவுமா நெருப்புன்னு வாயில வரலாமா? சீருன்னு கொண்டாந்து எறக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வெளிய தள்ளுன்னா, எங்கள என்னான்னு நெனச்சீங்க?"

"அய்யோ, அப்பிடி இல்லிங்க..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"காரிமங்கலத்துக்கும் ஆள் அனுப்பறேன்னு தீயணைப்புல சொல்றாங்க" என்றார் காளியப்பன். அனுப்பட்டும். ஆனால் இன்னும் எரியாத வண்டி, மாலை போட்டுக் கும்பிட்டு நிறுத்திய சீர். மாப்பிள்ளையின் தாயே நம்பாததை, அவர்கள் வந்து சொல்லி முடிப்பதற்குள் என்ன ஆகுமோ? அந்தப் பந்தலிலும் கீற்றுதானே? அங்கும் குழந்தைகள் ஏறி விளையாடுமே? சிலம்பரசன் ஏறி உட்காருவானே? நாளைக்குத் தன் மகள் கழுத்தில் தாலி கட்டப்போகிறவன்.

"நான் போறேன்" என்றான் பூவரசன். "கால்ல வுழுந்தாவது வெளிய எடுத்துர்றேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்களா மாமா? சீரு குடுத்தவரே திருப்பிக் கேக்கறாருன்னுதான் நெனப்பாங்க" என்றாள் காவியா. "கேட்டாலும் சூடேறுன வண்டிய எப்பிடிக் கையாளணும்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப நீங்க பொழச்சதே பெரிசு."

பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்ததோடு சரி. கையிலே காப்பு, காலுக்கு முன்னால் பந்தக்கால்.

முனியாயி முந்திக்கொண்டாள். "வேணாண்டி நிர்மலா. தாலி ஏறதுக்கு முன்னாடி பொண்ணு மாப்ள வூட்டு வாசல மிதிச்சா ஊரு காறித் துப்பும். கல்யாணமே நின்னுரும்."

நின்றாலும் நின்றுவிடலாம். தீர்த்தம்மாள் ஏற்கெனவே போனை அணைத்துவிட்டாள். மஞ்சள் முகத்தோடு இவள் போய் இறங்கி, மாலை போட்ட சீரை வெளியே இழுத்தால், அந்த வீடு என்ன சொல்லும்? அது நிர்மலாவுக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு வேலை தெரியும், அதைத் தெரிந்துகொண்டே அவளைப் பந்தலுக்குள் பூட்டி வைத்தால் தன்னால் அப்புறம் சோறு தின்ன முடியாது, அது மட்டும் தெரிந்தது.

மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். காப்புக் கயிறு உள்ளங்கையில் அழுந்தியது. தானே முன்னால் காலெடுத்து வைத்து, பந்தக்காலைத் தாண்டி மகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏறுடி" என்றாள்.

பூவரசன் குட்டியானையைக் கிளப்பினான். வாழைக்கன்றும் தோரணமும் ஆட, மஞ்சள் பூசிய பெண்ணை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டி தர்மபுரி ரோட்டில் திரும்பியது. போகிற வேகத்திலேயே காவியா மறுபடி போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"எங்கடி அனுப்பி வெக்கற, காப்பு கட்டுன பொண்ண?" என்று முனியாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

நிர்மலா ரோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"மாமியா வூட்டுக்குத்தான் அண்ணி. ஒரு நாள் முன்னாடியே போறா."